பிக்கப்புக்குப் பிக்கப் கூடுமா?

நம்மூரில் 'பிக்கப்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பின்னால் தொட்டி வைத்த வண்டி ஒன்று. மிதித்தவுடன் பாய்கிற வேகம் இன்னொன்று. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கேட்டார்: "ஏனுங்க, பிக்கப் வண்டிக்குப் பிக்கப் பத்தலீங்க. ஏர் இன்டேக் மாத்துனா கூடும்கறாங்களே, நெசமுங்களா?" அவரிடம் இருப்பது இசுசு வி-கிராஸ். 1.9 லிட்டர் டர்போ டீசல், 163 குதிரைத்திறன். ஆக்சஸரீஸ் கடைக்காரர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். பளபளக்கும் அலுமினியக் குழாய், அதன் நுனியில் சிவப்பு நிறத்தில் கூம்பு வடிவ ஃபில்டர். விலை பல ஆயிரங்களில்.

வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். ஃபோனில் சொல்லி முடிகிற காரணமாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் இந்த வண்டி எவ்வளவு மூச்சு விடுகிறது என்று பார்ப்போம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக் காற்றை உள்ளே இழுக்கும். 1.9 லிட்டர் என்ஜின் 3600 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 3400 லிட்டர். டர்போ அதை ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தி ஊட்டுவதால், வெளிக்காற்றுக் கணக்கில் அது 7000 லிட்டர் ஆகிவிடும். மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் ஏழு. ஒரே நிமிடத்தில் அத்தனை காற்று. எடை போட்டால் எட்டு கிலோவுக்குப் பக்கம் வரும். அதே நிமிடத்தில் எரிகிற டீசல் அரை கிலோவைத் தாண்டாது. ஆகவே டீசலை விடக் காற்றுதான் என்ஜினுக்குப் பெருந்தீனி என்று இன்டேக் விற்பவர் சொன்னால், அதில் பொய் இல்லை.

அந்தக் காற்றை ஃபில்டர் எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் கேள்வி. இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம், கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். நிறமில்லாத குழாயை 'ப' எழுத்தைப் போல வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸில் பொருத்தினால், என்ஜின் இழுக்கிற இழுப்புக்கு ஒரு பக்கத் தண்ணீர் மேலே ஏறும். நல்ல நிலையிலுள்ள கம்பெனி ஃபில்டரும் பெட்டியும் முழு மிதியில் காட்டும் வித்தியாசம் பெரும்பாலும் 20 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை அதே தண்ணீர்க் கணக்கில் சொன்னால் சுமார் 1030 சென்டிமீட்டர். அந்த ஆயிரத்து முப்பதில் ஃபில்டரும் பெட்டியும் குழாயும் சேர்ந்து தின்பது இருபதோ முப்பதோதான். நூற்றுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று.

அதாவது ஃபில்டர், பெட்டி, குழாய் மொத்தத்தையும் கழற்றி வீசிவிட்டு டர்போவை வெறும் வாயோடு ஓட்டினாலும் கிடைக்கக்கூடிய ஆதாயத்துக்கு உச்சவரம்பே அந்த மூன்று சதவீதம். கடையில் விற்கும் இன்டேக்கிலும் ஒரு ஃபில்டர் இருக்கிறது, ஒரு குழாய் இருக்கிறது. அவையும் கொஞ்சம் தடுக்கும். அப்படியானால் மிச்சம் ஒன்றோ ஒன்றரையோ சதவீதம். 163 குதிரையில் இரண்டு குதிரை. வண்டியில் தேங்காய் மூட்டை ஒன்று கூடக் குறைய இருந்தாலே அந்த வித்தியாசம் வந்துவிடும்.

அந்த இரண்டு குதிரையும் நம் கைக்கு வருமா என்பது அடுத்த சந்தேகம். டர்போ டீசலில் சக்தியைத் தீர்மானிப்பது உள்ளே தெளிக்கப்படும் டீசலின் அளவு. எவ்வளவு தெளிப்பது, டர்போ எவ்வளவு அழுத்தம் கட்டுவது என்பதெல்லாம் ஈசியூ என்கிற என்ஜின் கணினியில் எழுதி வைத்த கணக்கு. காற்று வரும் பாதை இலகுவானால் 'அப்பாடா' என்று டர்போ கொஞ்சம் மெதுவாகச் சுற்றி அதே அழுத்தத்தைக் கொடுக்கும். பாதை இறுகினால் கொஞ்சம் வேகமாகச் சுற்றி அதே அழுத்தத்தைக் கொடுக்கும். ஓட்டுநருக்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு நம்மூரிலேயே ஒரு சோதனைச் சாலை இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் சுமார் 2240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். டர்போ இல்லாத பழைய வண்டிகள் அங்கே திணறுவது இதனால்தான். டர்போ டீசல் பிக்கப்போ பெரிய முனகல் இல்லாமல் ஏறிவிடும். இருபது சதவீதக் குறையை ஈடுகட்டி ஓடுகிற என்ஜின், இரண்டு சதவீதம் கிடைத்ததற்காகத் துள்ளிக் குதிக்கப் போவதில்லை.

நண்பரின் குறை இன்னும் நுட்பமானது. அவர் வால்பாறைக்கு அடிக்கடி போகிறவர். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில் போட்டு மிதித்தால் ஒரு நொடி வண்டி யோசிக்கிறதாம். அவருக்குப் பிக்கப் இல்லை என்று படுவது அந்த ஒரு நொடிதான். அந்த நேரத்தில் என்ஜின் 1300, 1500 ஆர்பிஎம்மில் இருக்கிறது, டர்போ இன்னும் வேகம் பிடிக்கவில்லை, உள்ளே போகிற காற்று முழு மிதியில் போவதில் நான்கில் ஒரு பங்கு கூட இருக்காது. காற்றோட்டம் குறையும்போது தடை அதைவிட வேகமாகக் குறையும். ஓட்டம் பாதியானால் குழாயில் தடை ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடும். முழு மிதியில் 25 சென்டிமீட்டர் காட்டிய தண்ணீர், கொண்டை ஊசியில் சில சென்டிமீட்டர் கூட ஏறாது. எந்த நொடியில் பிக்கப் வேண்டும் என்று கேட்கிறாரோ அந்த நொடியில்தான் ஃபில்டர் மிகக் குறைவாகத் தடுக்கிறது. இன்டேக் மாற்றினால் அங்கே ஒன்றும் ஆகாது. ஒரு கியர் இறக்கி வளைவுக்குள் நுழைந்தால் ஆகும்.

பிறகு ஏன் மாற்றியவர்கள் எல்லாரும் 'வண்டி பறக்குது' என்கிறார்கள்? சத்தத்தால். கம்பெனி குழாயில் அங்கங்கே குடம் போலப் புடைத்திருக்கும் பகுதிகளைப் பார்த்திருப்பீர்கள். என்ஜின் காற்றை இழுக்கும் ஓசையை விழுங்குவதற்காக வைத்தவை அவை. இன்டேக் கிட்டில் அவை இருக்காது. மிதித்தால் 'ஹூம்' என்று ஓர் உறுமலும், டர்போவின் விசிலும் காதில் நேராக விழும். காது கேட்டதைக் கால் நம்பிவிடுகிறது. எனக்கும் அந்த விசில் பிடிக்கும், மறுக்கவில்லை. அதற்காகத்தான் காசு கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுத்தால் அதில் தவறும் இல்லை.

இந்த வியாபாரம் பிறந்து வளர்ந்த இடம் அமெரிக்கா. எண்ணெய் தடவிய பருத்தித்துணி ஃபில்டருக்குப் பேர் போன கே அண்ட் என் நிறுவனம் 1969-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கியது. அங்கே பிக்கப் என்றால் ஃபோர்டு எஃப்-150, செவ்ரலே சில்வராடோ, ராம். இவற்றில் டர்போ இல்லாத பெரிய பெட்ரோல் வி-8 என்ஜின்கள் இன்றும் விற்பனையில் உண்டு. அப்படிப்பட்ட என்ஜினில் ஃபில்டர் விட்டுக்கொடுக்கிற இரண்டு சதவீதக் காற்று, முழு மிதியில், உண்மையாகவே சக்தியாக மாறும். 400 குதிரைக்கு எட்டுக் குதிரை. அதுவும் கூட டைனோ என்னும் உருளை மேடையில் வண்டியை ஏற்றி, பானெட்டைத் திறந்து வைத்து, எதிரே பெரிய மின்விசிறி சுழல, அளந்த எண்ணாக இருக்கலாம். பானெட் மூடி டிராஃபிக்கில் நிற்கும்போது எவ்வளவு என்று விளம்பரம் சொல்லாது. ஒரே வண்டியை அடுத்தடுத்து இருமுறை அளந்தாலே டைனோ ஒன்றிரண்டு சதவீதம் மாற்றிச் சொல்லும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நம்மூர் பிக்கப்புகளோ, பொலேரோ பிக்கப்பிலிருந்து டொயோட்டா ஹைலக்ஸ் வரை, பெரும்பாலும் டர்போ டீசல். அங்கே அரைகுறையாகப் பொருந்துகிற கணக்கு இங்கே அந்த அளவுக்கும் பொருந்தாது.

மைலேஜ் கூடும் என்பது இன்னொரு வாக்குறுதி. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தது. ஃபில்டர் நன்றாக அடைத்துக்கொண்ட நிலையிலும், கணினி கட்டுப்பாட்டில் ஓடும் நவீன கார்களின் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. வேகம் எடுக்கும் நேரம் மட்டுமே பாதிக்கப்பட்டது. கார்புரேட்டர் காலத்து வண்டியில்தான் மைலேஜும் சிறிது அடிவாங்கியது. அடைத்த ஃபில்டரே மைலேஜைத் தொடாதபோது, நல்ல ஃபில்டரைத் தூக்கிவிட்டு இன்னும் நல்ல ஃபில்டர் போட்டால் மைலேஜ் எங்கிருந்து வரும்?

கிடைப்பது ஒன்றுமில்லை என்பதோடு போனால் பரவாயில்லை. கையிலிருப்பதும் போகக்கூடும்.

முதலாவது சூடு. கம்பெனி பெட்டி காற்றை ஃபெண்டர் இடுக்கிலிருந்தோ கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ, வெளிக்காற்றாக எடுக்கிறது. 'கோல்டு ஏர்' என்று பெயர் வைத்து விற்கும் பல கிட்டுகளில் கூம்பு ஃபில்டர் திறந்தபடி என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். வெளியே 35 டிகிரி என்றால், ஊருக்குள் ஊர்ந்து போகும் வண்டியின் பானெட்டுக்கு அடியில் 65 எளிதாக இருக்கும். முப்பது டிகிரி ஏறினால் காற்றின் அடர்த்தி ஒன்பது சதவீதம் போல இறங்கும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதில் ஒரு பங்கை மீட்டுத் தரும், முழுவதையும் தராது. இரண்டைப் பிடிக்கப் போய் இருப்பதைத் தொலைக்கிற கதை.

இரண்டாவது சென்சார். ஃபில்டருக்கு அடுத்துள்ள குழாயில் காற்றை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கும். மெக்கானிக்குகள் மாஃப் சென்சார் என்பார்கள். குழாயின் விட்டத்துக்கு ஏற்பத்தான் அதன் கணக்கு. குழாய் அகலமானால் அதே காற்று மெதுவாக ஓடும், சென்சார் குறைத்துச் சொல்லும். பிஎஸ்-6 டீசலில் புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வை எவ்வளவு திறப்பது என்பதற்கும், புகை வராமல் டீசலை எங்கே நிறுத்துவது என்பதற்கும் இந்த அளவே ஆதாரம். அது தப்பினால் என்ஜின் லைட் எரியும், புகையை வடிகட்டும் டிபிஎஃப் சீக்கிரம் கரி சேர்க்கும். எண்ணெய் தடவிய ஃபில்டரைக் கழுவிவிட்டு எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால், அந்த ஈரம் சென்சார் கம்பியில் படிந்தும் இதே கோளாறு வரும்.

மூன்றாவது, என் பார்வையில் முதன்மையானது, தூசி. ஃபில்டரின் வேலை காற்று விடுவதல்ல, தூசியைத் தடுப்பது. இதை மறந்துவிட்டுத்தான் மொத்த விவாதமும் நடக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஒரு ஃபில்டர் நூற்றுக்கு 99 பங்கு தூசியைப் பிடிக்கிறது, இன்னொன்று 97 பிடிக்கிறது என்று வைப்போம். கேட்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் நூறு கிராம் தூசிக்கு முதல் ஃபில்டர் என்ஜினுக்குள் விட்டது ஒரு கிராம். இரண்டாவது விட்டது மூன்று. மூன்று மடங்கு மணல். நிமிடத்துக்கு ஏழு தொட்டிக் காற்று குடிக்கிற என்ஜினுக்கு அது சின்ன விஷயமில்லை. மணல் முதலில் டர்போவின் அலுமினியச் சிறகுகளை அரிக்கும், பிறகு பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். மெக்கானிக் தலையைச் சொறிவார். காற்றைத் தாராளமாக விடும் ஃபில்டர், பொதுவாகத் தூசியையும் தாராளமாக விடும். இரண்டையும் ஒரே துளைதானே தீர்மானிக்கிறது. நார் மில் முற்றத்தில் நாள் முழுக்க நார்த்தூள் பறக்க, செம்மண் பாதையில் லோடு ஏற்றிப் போகிற வண்டிக்கு இதைப் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய மஹிந்திரா ஜீப்புகளில் எண்ணெய்க் கிண்ணத்தின் வழியே காற்றை இழுக்கும் ஏர் கிளீனர் இருந்தது. இன்றைய காகித ஃபில்டர் அதைவிட எவ்வளவோ மேல். அதைக் கழற்றிவிட்டு மறுபடியும் எண்ணெய்க்குப் போவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாமல் உதிரிபாகம் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வெளிப் பாகம் போட்டதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க விடாது. அந்தப் பாகத்தால்தான் பழுது என்று கம்பெனி காட்ட வேண்டும். நம்மூரிலோ, வாரண்டி புத்தகத்தைத் திறந்து, மாற்றியமைத்தல் பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லா இன்டேக்கும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்நார்க்கல் என்று ஒன்று: வண்டியின் முன்தூணை ஒட்டிக் கூரை வரை ஏறும் குழாய். இதுவும் சக்தி தராது. ஆனால் தரையிலிருந்து உயரப் போகப் போகத் தூசி குறையும். முன்னால் போகும் லாரியின் புழுதியில் தொடர்ந்து ஓடும் வண்டிக்குக் கூரை உயரத்துக் காற்று சுத்தமானது. தண்ணீரிலும் உதவும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் செத்தது என்ஜின் தண்ணீர் குடித்ததால்தான். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆனால் ஸ்நார்க்கல் போட்டுவிட்டால் வண்டி படகாகிவிடாது. கியர்பாக்ஸ், ஆக்ஸில் மூச்சுக்குழாய்களும் வயரிங்கும் பழைய உயரத்திலேயேதான் இருக்கின்றன. ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. அது ஸ்நார்க்கல் இல்லாமலே. காட்டாற்றைக் கடக்கிற வேலை உங்களுக்கு உண்மையிலேயே உண்டு என்றால், ஆர்டிஓவில் கேட்டுவிட்டுப் போடுங்கள். இதற்கு நேர்மாறாக, பம்பருக்குப் பின்னால் தாழ்வாக ஃபில்டரை வைக்கும் கிட்டும் விற்கிறது. ஐப்பசி மழையில் தேங்கி நிற்கும் எந்தச் சாலையிலும் அது ஒரு உறிஞ்சுகுழல்.

மிக அதிகத் தூசி என்றால் டிராக்டரைப் பாருங்கள். பானெட்டுக்கு மேலே நீட்டிய குழாயில் கிண்ணம் போல ஒன்று இருக்கும்: பிரீ-கிளீனர். காற்றைச் சுழலவிட்டு, கனமான தூசியை ஓரமாக ஒதுக்கி, ஃபில்டருக்கு வரும் முன்பே பிரித்துவிடும். கல்குவாரி, செங்கல் சூளை, நார் மில் வண்டிகளுக்குப் பொருத்தமான யோசனை அது. ஈசியூ கணக்கை மாற்றி எழுதி (ரீமேப்), டர்போவையும் மாற்றி, 163 குதிரையை 230 ஆக்கியவர்களுக்குக் காற்று கூடுதலாக வேண்டியிருக்கும், கம்பெனி பெட்டி அங்கே இறுகக்கூடும். அது வேறு விளையாட்டு. லோடு ஏற்றுகிறவருக்கு அல்ல.

நண்பரின் வண்டியைப் போய்ப் பார்த்தோம். மெக்கானிக் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் திறந்தார். உள்ளே காகித மடிப்புகளில் பழுப்பு நிற நார்த்தூள் பஞ்சுமெத்தை போல அடைந்திருந்தது. "கடைசியா எப்பங்க மாத்துனீங்க?" என்றார். நண்பர் மேலே பார்த்தார். பஞ்சர் கடையில் காற்றடித்து அடித்தே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார். அழுத்தமாகக் காற்றடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். ஃபில்டருக்குள் டார்ச்சை வைத்துப் பார்த்தால் ஊசிமுனை வெளிச்சங்களாகத் தெரியும். இவருடையதில் மூன்று தெரிந்தன. பிறகு மெக்கானிக் கீழே குனிந்து இன்டர்கூலர் ஹோஸின் முனையை விரலால் தடவிக் காட்டினார். எண்ணெய்க் கசிவு. கிளிப் தளர்ந்து, டர்போ அழுத்திய காற்று அங்கே வெளியேறிக்கொண்டிருந்தது. மிதித்தால் 'உஸ்' சத்தமும் கொஞ்சம் கறுப்புப் புகையும் வருவதாக நண்பரே முன்பு சொல்லியிருந்தார், நான்தான் கவனிக்கவில்லை.

புது காகித ஃபில்டர், ஒரு ஹோஸ் கிளிப், மெக்கானிக் கூலி. கிட்டின் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. வால்பாறைக்குப் போய்வந்து, "இப்பத் தேவலீங்க" என்றார்.

இன்டேக் வாங்கக் காசை எடுத்து வைத்திருப்பவர்கள் அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஃபில்டர் பெட்டியில் நான்கைந்து கிளிப்புகள்தான் இருக்கும், திறந்து பாருங்கள். தூசியில் ஓடும் வண்டி என்றால் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதியிலேயே காகிதத்தை மாற்றிவிடுங்கள், காற்றடித்துத் திரும்பப் போடாதீர்கள்.